கசக்குதுங்களா?

என் கணவர் சாமியப்பன் தெருநாயைக்கூட "கொஞ்சம் அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். என்னையும் வாங்க போங்கதான். கல்யாணமான புதிதில் என் அம்மா சங்கரன்கோவிலில் இருந்து வந்து எங்களோடு தங்கினாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், "ஏட்டி, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு முறிந்தால்தான் இவ்வளவு மரியாதை வரும். இவருக்கு இதுதான் சாதாரணப் பேச்சு என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாப்பாட்டிலும் அப்படித்தான். நான் எதை ஆக்கி வைத்தாலும் "நல்லாருக்குதுங்க" என்பார். ஒருநாள் புளிக்குழம்பில் புளியே போடாமல் இறக்கிவிட்டேன். அதுவும் நல்லா இருந்ததாம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நன்றாக இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதன் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என் பெயர் சித்ரகலா. தாராபுரம் சாலையில் அவிநாசிபாளையம் தாண்டி இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில், காசநோய் வார்டுக்கு இன்சார்ஜ் நர்ஸ். சாதாரண மாத்திரைக்கு அடங்காத காசநோய் எங்களிடம் வரும். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள், ஒடிசாவில் இருந்து தைக்க வந்த பையன்கள், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர்கள் என்று எல்லோரும் மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள். மாத்திரை கை நிறைய இருக்கும். பார்த்தாலே குமட்டும். கிட்டுசாமி என்று ஒரு தறிக்காரர் அதை வாயில் போடுகிற மாதிரி போட்டுத் தலையணை உறைக்குள் தள்ளிவிடுவார். நான் இடுப்பில் கை வைத்து நின்று திட்டினால்தான் விழுங்குவார். மற்ற நர்ஸுகள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள். "சாப்பிடுங்க சாமி, சாப்பிடுங்க" என்று கெஞ்சிவிட்டுப் போய்விடுவார்கள். என் வாயை உலகத்தில் எல்லோரும் குறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அது ஆளைப் பிழைக்கவைக்கிற ஒரே இடம் அந்த வார்டு. அதை விட்டுப் போக எனக்கு மனம் இல்லை.

போகச் சொல்லிவிடுவார்கள் போலத்தான் இருந்தது. காரணம் என் மூக்கு.

அந்த வார்டுக்குள் என்95 மாஸ்க் இல்லாமல் கால் வைக்க முடியாது. எனக்கு அது எப்போதுமே கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும். அதனால் மூக்குக் கம்பியை இரண்டு விரலாலும் நன்றாக அமுக்கி, பின்பக்கப் பட்டையை இழுத்து ஒரு முடிச்சும் போட்டுக்கொள்வேன். டியூட்டி முடிந்து கழற்றினால் மூக்குத் தண்டில் சிவப்பாக ஒரு கோடு. அது ராத்திரிக்குள் மறைந்துவிடும். பிறகு மறையாமல் நின்றது. பிறகு தோல் உரிந்தது. வெயில் ஏறியதும் வியர்வையும் சேர்ந்து புண்ணாகவே ஆகிவிட்டது. முகம் கழுவினால் உயிர் போகும். கன்னத்திலும் இரண்டு பக்கமும் கோடு. கண்ணாடியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மேட்ரன் கமலாம்பாள் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புண்ணோட மாஸ்க் போடக்கூடாதுங்க. மாஸ்க் இல்லாம அந்த வார்டுக்குப் போகக்கூடாதுங்க. இந்த வாரத்துக்குள்ள ஆறலீன்னா உங்கள ஓபிக்கு மாத்தீர்றனுங்க. கோவிச்சுக்காதீங்க."

ஓபியில் எனக்கு என்ன வேலை? டோக்கன் கூப்பிடலாம். பிரஷர் பார்க்கலாம். கிட்டுசாமியின் தலையணை உறை நிறைந்துகொண்டே போகும். அன்று வீட்டுக்கு வந்து சாமியப்பனிடம் புலம்பித் தீர்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சாமியப்பன் கம்பெனியில் இருந்து வரும்போது சட்டைப்பையில் ஒரு துண்டுத் துணி கொண்டுவந்தார். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காக விரித்த துணியை ஓடுகிற கத்தியில் வெட்டுகிற வேலை. இடது கைக்கு இரும்பு வளையத்தில் பின்னிய கிளவுஸ் போட வேண்டும். அது உராய்ந்து தோலை உரிக்கும் என்று ஒருநாள் கழற்றிவைத்துவிட்டு வெட்டி, கட்டைவிரலில் பாதியைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டுப் போட்டது நான். ரத்தம் சொட்டச் சொட்ட "நல்லா கட்டுறீங்க" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் கதை. அந்தக் காயத்துக்குப் பிறகு அவர் கிளவுஸுக்குள் பனியன் துணியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் கை நுழைப்பார். இப்போது அவர் கம்பெனியில் கத்தி பிடிக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"இதையே மூக்குல மடிச்சு வெச்சு, மேல மாஸ்க்கப் போட்டுப் பாருங்க" என்றார். "பனியன் தைக்கற இன்டர்லாக் துணிங்க. சுடுதண்ணில அலசிட்டேன். மெத்துனு இருக்கும். காத்து நல்லாப் போகும்."

காற்று நல்லாப் போகும் என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. பனியன் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். காதில் விழுந்தது, மண்டையில் விழவில்லை. புண்ணுக்கு மேல் அந்தத் துணி பட்டதும் வந்த சுகத்தில் வேறு எதுவும் மண்டையில் விழுகிற நிலையில் நான் இல்லை.

புண் காய ஆரம்பித்தது. மேட்ரன் வந்து பார்த்து, "ஆறீட்டு வருதுங்க, சந்தோசம்" என்றார். என்னோடு வேலை பார்க்கிற யாழினி, இருபத்து சொச்சம் வயதுப் பெண், உடுமலைக்குப் பக்கத்தில் மடத்துக்குளத்துக்காரி. அவளுக்கும் மூக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது. "அக்கா, அண்ணங்கிட்டச் சொல்லி எனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றீங்களா?" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். சாமியப்பனிடம் சொன்னால் போதாதா. ஒரு பேட்டர்ன் அட்டை செய்து, மூக்குக்கு வளைவு கொடுத்து, அடுக்கில் வைத்து ஒரே வெட்டாக வெட்டி, ஒரு கட்டு கொடுத்தனுப்பினார். வார்டு முழுக்க அவர் துணிதான். அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிடாத குறை. வீட்டில் அவர் விசில் அடித்துக்கொண்டு குளித்ததை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு மாஸ்க் டெஸ்ட் பெட்டி வந்தது. விஷயம் சிம்பிள். தலைமேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்ப்பார்கள். அதில் ஒரு ஓட்டை. அது வழியாகக் கசப்பு மருந்தைப் புகைபோல அடிப்பார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல் அடித்து, நாக்குக்குக் கசப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மாஸ்க்கோடு அடிக்க வேண்டும். மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் எங்காவது இடைவெளி இருந்தால் நாக்கு கசக்கும். கசப்பு நுழைகிற வழியில் கிருமியும் நுழையும். டெஸ்ட் எடுக்கிற பொறுப்பை மேட்ரன் என்னிடம் கொடுத்தார்.

ஒவ்வொருவராக உட்காரவைத்தேன். மாஸ்க் இல்லாமல் அடித்தபோது எல்லோரும் முகத்தை அஷ்டகோணலாக்கினார்கள். பிறகு மூக்கில் துணி, அதன்மேல் மாஸ்க். அடித்தேன்.

"கசக்குதா?"

"இல்லீங்க."

"உனக்கு?"

"இல்லீங்க சிஸ்டர், நல்லாருக்குதுங்க."

யாழினியும் தலையை ஆட்டினாள். எல்லோரும் பாஸ். எனக்கும் பெருமைதான். கடைசியில் நான் உட்கார்ந்தேன். யாழினி அடித்தாள்.

முதல் அடியிலேயே நாக்கின் அடி வரைக்கும் கசந்தது. வேப்பெண்ணெயை வாயில் ஊற்றியது மாதிரி. தலையை ஆட்டும்போது மூக்கின் இரண்டு பக்கமும் குளிர்ச்சியாகக் காற்று ஏறுவதுகூடத் தெரிந்தது. காற்று நல்லாப் போகும் என்று அவர் சொன்னது அப்போதுதான் மண்டையில் விழுந்தது. இரும்புக் கிளவுஸுக்கும் கைக்கும் நடுவில் துணி வைப்பது வேறு விஷயம். இரும்பை மீறிக் கத்தி வராது, துணி உராய்வை மட்டும் பார்த்துக்கொள்ளும். இங்கே தடுக்க வேண்டியதே காற்றை. முகத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில், காற்று போவதற்கென்றே பின்னிய துணியை நாங்கள் மடித்து வைத்திருந்தோம்.

கூடாரத்தைக் கழற்றிவிட்டு யாழினியைப் பார்த்தேன்.

"உனக்குக் கசந்துச்சா இல்லையா? உள்ளதைச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். "லேசாங்க்கா."

"லேசாவா?"

"கொஞ்சம் நல்லாவேங்க்கா." அவள் குரல் தேய்ந்தது. "அண்ணன் அவ்வளவு ஆசையா வெட்டிக் குடுத்துருக்காரு. நீங்க வேற எதிர்க்க நிக்கறீங்க. அதப் போயிக் கசக்குதுன்னு எப்படீங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் பாயசம் எப்படி என்று கேட்ட மாதிரி பதில் சொல்லியிருக்கிறார்கள், அத்தனை பேரும். நுரையீரலைக் காவு கொடுத்து மரியாதை காப்பாற்றுகிற ஊர் பூமியில் வேறெங்கும் இருக்காது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் ஒரு கணம் எனக்கு வேறொரு நினைப்பும் வந்தது. இவர்கள் எல்லோரும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. மேட்ரன் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். என் புண்ணோ ஆறிக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் வார்டு எனக்குத்தான். பிறகு யாழினியின் முகத்தைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் என்னையே நம்பிக்கொண்டு நின்றன. எல்லோரையும் துணியைக் கழற்றச் சொன்னேன். மேட்ரனிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சாமியப்பன் கேட்டார். "துணி எப்படீங்க இருக்குது? இன்னும் கொஞ்சம் வெட்டட்டுங்களா?"

நெல்லைச் சீமைக்காரி நான். மாமியாரிடம்கூட முதல் வாரத்திலேயே அவர் வைத்த ரசம் சரியில்லை என்று சொன்னவள். வாயைத் திறந்தேன்.

"நல்லாருக்கு" என்றேன்.

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த ஊர்த் தண்ணி என்னையும் கெடுத்துவிட்டதே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் விசிலை நிறுத்துகிற தைரியம் எனக்கு இல்லை. யாழினியை அறையலாமா என்று நினைத்தவளுக்கு அவள் பக்கத்து நியாயம் அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் துணி இல்லாமல் பழையபடி கம்பியை அமுக்கி, பட்டையை முடிந்து போட்டேன். மத்தியானத்துக்குள் ஆறின தோல் பிளந்துகொண்டது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பஞ்சால் ஒற்றிக்கொண்டு வெளி வராந்தாவில் நிற்கிறேன், எதிரே சாமியப்பன். சாப்பாட்டு நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கையில் புதுசாக ஒரு கட்டு. இந்தத் தடவை இளநீல நிறம். வார்டு யூனிபார்முக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தேடி எடுத்தாராம்.

என் மூக்கைப் பார்த்தார். "ஏனுங்க, துணிய வெக்கலீங்களா?"

அவர் கையைப் பிடித்து டெஸ்ட் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்காரவைத்து, இது என்ன, எதற்கு என்று சொன்னேன். முதலில் மாஸ்க் இல்லாமல் அடித்தேன். முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் "பரவால்லீங்க" என்றார். பழக்கதோஷம்.

பிறகு அவர் வெட்டின இளநீலத் துணியை அவர் மூக்கில் நானே மடித்து வைத்தேன். மாஸ்க்கை மாட்டினேன். கூடாரத்தைக் கவிழ்த்தேன். அடித்தேன். கேள்வி கேட்கவில்லை. கசக்குதா என்று கேட்டால் இந்த ஊரில் ஒரே பதில்தான் வரும் என்று தெரிந்துபோயிருந்தது.

"என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு முறை அடித்தேன். பிளாஸ்டிக்குக்கு உள்ளே அவர் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. பரவால்லீங்க என்று மட்டும் சொல்லிவிடாதே மனுஷா என்று வேண்டிக்கொண்டேன்.

"கசக்குதுங்க" என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. "மூக்குக்கிட்ட ரெண்டு பக்கமும் காத்து வருதுங்க. காத்து போற துணிங்க இது. போகத்தானுங்க செய்யும்."

கூடாரத்தை எடுத்ததும் அவர் துணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நேத்தே தெரியுங்களா?" என்றார். தெரியும் என்றேன். அவர் கோபப்படவில்லை. அந்தத் துணிக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அதுவே எனக்கு அழுகையைக் கொண்டுவந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணி இல்லாமலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். அதே மாஸ்க்தான். சும்மா மாட்டி, கம்பியை லேசாக வளைத்துவிட்டேன். அடித்தேன்.

"ஒண்ணும் தெரீலீங்க."

"மரியாதைக்குச் சொல்லுதீங்களா, நெசமாவா?"

"நெசமாத்தானுங்க. துளிகூட இல்லீங்க."

அவர் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். முடிச்சு இல்லை, அமுக்கல் இல்லை. தாடை எலும்பில் இருந்து மூக்கு வரை மாஸ்க் தானாகவே பொருந்தி உட்கார்ந்திருந்தது. அளவெடுத்துத் தைத்தது மாதிரி. உடனே புதுசாக ஒன்றை எடுத்து, முடிச்சுப் போடாமல் நான் மாட்டிக்கொண்டு, அவரை அடிக்கச் சொன்னேன். கசந்தது. இது இவர் மாதிரி பெரிய முகத்துக்கு வெட்டின மாஸ்க். எங்கள் வார்டில் இருப்பதெல்லாம் சின்ன முகப் பெண்கள். பெரிய சட்டையை ஊக்குக் குத்திப் போட்டுக்கொள்கிற மாதிரி நாங்கள் அதை மூக்கெலும்பில் அமுக்கி அமுக்கி ஒட்டவைத்திருக்கிறோம். புண் வராமல் என்ன செய்யும்?

"ஏங்க, உங்க கம்பெனில எல்லா பனியனையும் ஒரே சைஸ்ல வெட்டி அனுப்புனா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"போன வேகத்துல கன்டெய்னரோட திரும்பி வந்துருங்க" என்றார். சொல்லிவிட்டு மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. பிறந்த குழந்தையின் ஜட்டிக்குக்கூட சைஸ் லேபிள் வைத்துத் தைக்கிற ஊரில், இத்தனை வருஷமாக மாஸ்க்குக்கு சைஸ் உண்டா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சைஸ் விஷயத்தைப் போய்ச் சொன்னதும் மேட்ரன் நன்றாகக் கேட்டுக்கொண்டார். சின்ன சைஸ் வரவழைக்க அன்றைக்கே ஆளைப் பிடித்தார். டியூட்டிக்கு நடுவில் வார்டுக்கு வெளியே போய் மாஸ்க்கைக் கழற்றி முகத்துக்கு ஓய்வு கொடுக்க, மாற்றி மாற்றி ஆள் போட்டார். மாஸ்க் போடுவதற்கு வெகு முன்னாலேயே முகத்துக்கு க்ரீம் தடவி, அது காய்ந்த பிறகுதான் போட வேண்டும் என்று நான் சொன்னதையும் ஒத்துக்கொண்டார். எல்லாம் செய்துவிட்டு என்னை ஓபிக்கு மாற்றினார்.

"புண்ணு புண்ணுதானுங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

ஓபியில் டோக்கன் கூப்பிட்டேன். மூக்கு மெதுவாக ஆறியது. சின்ன சைஸ் மாஸ்க் வந்ததும் டெஸ்ட் எடுக்க மட்டும் என்னை மேலே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை நான் யாரிடமும் கசக்குதா என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கத்துல இருந்து கசப்பு வருது?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதும் வாய் திறந்துகொண்டது. ஒருத்தி தாடைக்குக் கீழே என்றாள். இன்னொருத்தி இடது கன்னம் என்றாள். சரிசெய்து சரிசெய்து மறுபடி அடித்தோம். யாழினி, "எந்தப் பக்கமும் இல்லீங்க்கா" என்று சொல்லிவிட்டு, நான் நம்பமாட்டேன் என்று தெரிந்து, "அண்ணன் மேல சத்தியமா" என்றாள். அவள் மூக்கு சிவந்துகூட இல்லை.

என் மூக்கில் காய்ந்த தோல் உதிர்ந்து புதுத்தோல் வந்ததும் மேட்ரன் தொட்டுப் பார்த்து, "போங்க, உங்க வார்டுக்கு" என்றார். சின்ன மாஸ்க், முடிச்சு இல்லை. உள்ளே போனேன். நேராகக் கிட்டுசாமி கட்டிலுக்குத்தான். தலையணையை எடுத்து உதறினேன். மாத்திரைகள் பொலபொலவென்று விழுந்தன. அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். வார்டே எழுந்து உட்கார்ந்து கேட்டது.

சாயங்காலம் சந்தோஷத்தில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். சாமியப்பன் கம்பெனியில் இருந்து வந்து கை கழுவினார். இடது மணிக்கட்டில் இளநீல நூல் பிசிறு ஒட்டியிருந்தது. அந்தக் கட்டில் இருந்த துணியைத்தான் கிளவுஸுக்குள் சுற்றிக்கொள்கிறார் என்று தெரிந்துகொண்டேன். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"எப்படி இருக்கு?" என்றேன். பதில் எனக்குத் தெரியும். கேட்பது ஒரு பழக்கம்.

அவர் மென்றார். விழுங்கினார். டெஸ்ட் அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மூடிய மாதிரியே கண்ணை மூடித் திறந்தார்.

"உப்பு ஜாஸ்திங்க" என்றார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்தே ஜாஸ்திதானுங்க."

கரண்டியோடு நின்றேன். சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மணையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"வேற எதுல எல்லாம்?" என்றேன்.

தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அவர் சொல்ல ஆரம்பித்தார்.